ஆறரை பவுண்டு

செப்டம்பர் முதல் சனிக்கிழமை, பெர்னடினின் கடையில் இறைச்சி நிறுக்கும் தராசின் கொக்கியில் என் அண்ணன் ஓரின் தன் ஆக்ஸிஜன் பெட்டியை மாட்டினான். குழாய் மூக்கிலேயே இருந்ததால் அவனும் தராசை ஒட்டி நிற்க வேண்டியிருந்தது. முள் ஐந்து பவுண்டில் நின்றது.

பெர்னடின் அவனோடு பள்ளியில் படித்தவள். பாதிக் கடையில் ஆணியும் பெயிண்டும், மீதிப் பாதியில் துப்பாக்கியும் தோட்டாவும் விற்கிறாள். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னடா, மூக்கணாங்கயிறு போட்டுட்டாங்களா?"

"உன் புருஷனுக்குப் போட்டதைவிட நீளமா இருக்கு. அதுவரைக்கும் சந்தோஷம்."

"அவன் கயித்த அறுத்துக்கிட்டு பார்ல உக்காந்திருக்கான். நீயாவது கட்டின இடத்துல நில்லு."

ஓரின் சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறி முடிய ஒரு நிமிடம் ஆனது. நாங்கள் இருவரும் ஆணிப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பிறகு அவன் பழைய துப்பாக்கியை அதே கொக்கியில் மாட்டினான். குறிபார்க்கும் ஸ்கோப்போடு ஒன்பதரை பவுண்டு. முப்பத்தொரு வருடம் அதைத் தூக்கிக்கொண்டு இந்த மலைகளில் ஏறியிருக்கிறான். ஒவ்வொரு குளிர்காலமும் எங்கள் வீட்டு ஃப்ரீசரில் எல்க் மான் இறைச்சி இருந்தது. சுட்டு, காயப்படுத்தி, கண்டுபிடிக்காமல் விட்ட மான் ஒன்றுகூடக் கிடையாது. அதைப் பற்றி அவன் பேச மாட்டான். மற்றவர்கள் பேசுவார்கள்.

"இந்தப் பெட்டிய எறக்கி வைக்க முடியாது," என்றான். "அப்போ அந்த அஞ்சு பவுண்ட துப்பாக்கிலேர்ந்துதான் எடுக்கணும்."

"நாலரை பவுண்டுல வேணும்னா பொம்மைக் கடைக்குப் போ. என்கிட்ட ஆறரை இருக்கு, ஸ்கோப்போட சேத்து."

அவள் இரண்டை எடுத்து வைத்தாள். இரண்டும் ஒரே அச்சு: சாம்பல் நிறப் பிடிக்கட்டை, மெல்லிய குழல். ஒன்று ஏழு மில்லிமீட்டர் தோட்டாவுக்கு. மற்றது ஓரின் எப்போதும் சுடும் தோட்டாவுக்கு. அந்தப் பெரிய தோட்டாவை இங்கே எல்லோரும் முந்நூறு என்றுதான் சொல்வார்கள்.

ஓரின் முந்நூறைத்தான் எடுத்தான். தோளில் வைத்துப் பார்த்தான். எடை குறைந்திருந்ததில் அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது.

நான் முந்தைய இரவே கணக்குப் போட்டிருந்தேன். மாவட்டக் குடிநீர் சோதனைக் கூடத்தில் வேலை. எண்கள் இருந்தால் எனக்குப் பேசுவது சுலபம். கோட்டுப் பையிலிருந்து ஒரு தபால் உறையை எடுத்து அதன் பின்பக்கத்தைக் காட்டினேன்.

"என்ன இது, விஞ்ஞானி?"

"உதை. நீ சுடும்போது தோள்ல விழற அடி. உன் பழைய துப்பாக்கிக்கு இருபத்தஞ்சு. அதே தோட்டாவ இந்த லேசான துப்பாக்கில போட்டா முப்பத்தேழு. ஏழு மில்லிமீட்டர்னா பதினேழுதான்."

"மான் சாகுமா பதினேழுல?"

"அது உன் தோளுக்கான கணக்கு. மானுக்கு இருநூத்தம்பது கஜம் வரைக்கும் ஏழு போதும். நெறைய பேர் அதுலதான் சுடறாங்க."

"இருநூத்தம்பது." அவன் துப்பாக்கியை மேசைமேல் மெதுவாக வைத்தான். "மேரன், முன்னாடி நான் நானூறு கஜத்துல ஒண்ணப் பாத்தா, காத்தப் பாத்து, பள்ளத்துல எறங்கி, நூறு கஜத்துக்குப் போயிடுவேன். இப்ப என்னால இந்தக் கடைய ஒரு சுத்து சுத்த முடியல. நான் நடக்க முடியாத தூரத்த குண்டுதான் நடக்கணும்."

நான் உறையை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"குழல் முனையில ஒரு பிரேக் மாட்டித் தரேன்," என்றாள் பெர்னடின். "உதை பாதியாயிடும்."

"சத்தம் ரெட்டிப்பாயிடும். பக்கத்துல இவ உக்காந்திருப்பா. நான் ஓட்டின மர லாரி என் காதத் தின்னது போதும், இவ காதாவது இருக்கட்டும்."

பெர்னடின் என்னைப் பார்த்தாள். பிறகு அவனிடம் சொன்னாள்: "எடுத்துட்டுப் போ. ஒரு பெட்டி தோட்டா சுட்டுப் பாரு. ஒத்துவரலன்னா சீசன் தொடங்கறதுக்கு முன்னாடி கொண்டா, ஏழ மாத்தித் தரேன். ஏழ யாருக்கும் விக்காம வெச்சிருக்கேன்."

"தேவைப்படாது."

"தேவைப்படாதுன்னு சொல்றவனுங்கதான் அடிபட்ட மான விட்டுட்டு அடுத்ததத் தேடறானுங்க. போன வருஷம் அந்த டக்கர் பண்ணல? காலைல ஒண்ணக் காயப்படுத்தி, சாயங்காலம் இன்னொண்ண சுட்டு, கொம்போட என் கடை வாசல்ல வந்து நின்னான்."

"ரத்தம் விழுந்தா சீட்டு முடிஞ்சது," என்றான் ஓரின். "அதுக்கு மேல என்ன பேச்சு?"

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வருடத்துக்கு ஒரு அனுமதிச் சீட்டு, ஒரு மான். மான் கைக்கு வந்தால் சீட்டின் ஓரத்தில் அச்சிட்ட மாதத்தையும் தேதியையும் கத்தியால் வெட்டி எடுத்து, சீட்டை அதன் கொம்பில் கட்ட வேண்டும். கைக்கு வராத மானுக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. ஆனால் எங்கள் பள்ளத்தாக்கில் சிலர் அதற்கும் வெட்டுவார்கள். டக்கர் வெட்டாத நாளிலிருந்து ஓரின் அவனோடு பேசுவதில்லை.

*

செப்டம்பரில் நான்கு முறை ஊருக்கு வெளியே கல் குவாரிக்குச் சுடப் போனோம். முதல் நாள் மூன்று குண்டுகளும் நூறு கஜத்தில் ஒரு உள்ளங்கைக்குள் விழுந்தன. அவன் துப்பாக்கியை இறக்கி, "விஞ்ஞானி, உன் உறைய அடுப்புல போடு," என்றான்.

அன்று இரவு அவன் சட்டை மாற்றும்போது தோளைப் பார்த்தேன். கத்தரிக்காய் நிறத்தில் கன்றியிருந்தது. அந்தக் கோடையில் அவன் நாற்பது பவுண்டு இளைத்திருந்தான். தோளில் எலும்பின் மேல் தோல் மட்டும்தான் இருந்தது.

அதன்பின் ஒவ்வொரு முறையும் அவன் சுடும் எண்ணிக்கை குறைந்தது. ஐந்து, நான்கு, மூன்று. காகிதத்தில் துளைகள் விலகிக்கொண்டே போயின. எல்லாம் கீழே, இடது பக்கம். அவன் ஸ்கோப்பைத் திருகினான். காற்று என்றான். நான் துளைகளுக்கு இடையில் அளவுகோல் வைத்து அளந்து நோட்டில் எழுதினேன். அவை ஒரே திசையில் போவதையும் எழுதினேன்.

நோட்டை பெர்னடினிடம் காட்டினேன். அவள் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்துத் தந்தாள். பார்க்க உண்மையானதுபோலவே இருந்தது. உள்ளே மருந்து கிடையாது. அடியில், துப்பாக்கியின் ஊசி வந்து குத்தும் இடத்தில், பென்சில் முனையில் இருக்கும் ரோஸ் நிற ரப்பரை வெட்டி அடைத்திருந்தாள்.

"அவனுக்குத் தெரியாம மத்ததோட கலந்து நீயே போட்டுக் குடு," என்றாள். "சின்னப் பசங்களுக்குச் செய்யற வேலைதான். அவனுக்குச் செஞ்சோம்னு தெரிஞ்சா என் கடைப் பக்கம் வர மாட்டான்."

உதை வரப்போகிறது என்று உடம்பு கற்றுக்கொண்டுவிட்டால், விசையை இழுக்கும் கணத்தில் அது தானாகச் சுருங்கும். குழல் முனை கீழே போகும். உண்மையான தோட்டா என்றால் வெடியில் அது மறைந்துவிடும். சுடுகிறவனுக்கே தெரியாது. மருந்தில்லாத தோட்டாவில் மறைக்க ஒன்றுமில்லை.

அக்டோபர் மூன்றாம் தேதி. குவாரியில் காற்றே இல்லை. நான் தோட்டாக்களைப் போட்டுக் கொடுத்தேன். முதலாவது வெடித்தது. இரண்டாவதற்கு அவன் மூச்சை நிறுத்தினான். நிறுத்தி வைக்க அவனிடம் அதிகம் மூச்சு இல்லை.

டிக் என்று ஒரு சத்தம்.

குழல் முனை ஒரு சாண் கீழே இறங்கியது. அவன் தோள் முன்னால் பாய்ந்தது, கண்கள் இறுக மூடியிருந்தன. வெடி வராத அமைதியில் அவன் அப்படியே ஒரு நொடி இருந்தான், யாரோ கையை ஓங்கி அடிக்காமல் விட்டதைப் போல.

பிறகு அவன் போல்ட்டை இழுத்தான். தோட்டா சரளைக்கல்லில் விழுந்து உருண்டது. நான் குனிந்து எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"என்னாச்சு?" என்றான்.

ஆகஸ்டில் மருத்துவர் அவன் நுரையீரல் படத்தைக் காட்டியபோதும் இதே குரலில்தான் கேட்டான். என்னாச்சு? தழும்பு என்றார் அவர். நுரையீரல் முழுக்கத் தழும்பு. அடுத்த வாரம் லாரிச் சாவியைக் கம்பெனியில் கொடுத்துவிட்டு வந்தான். அதற்கடுத்த வாரம் படுக்கையைக் கீழ் அறைக்கு மாற்றினோம், மாடி ஏற முடியாது என்பதால். நான் என் வாடகை அறையைக் காலி செய்துவிட்டு அவன் வீட்டுக்கு வந்தேன். அவனிடமிருந்து ஒவ்வொன்றாகப் பறித்துக்கொள்பவளாக நான்தான் இருந்தேன்.

"வெடிக்கல," என்றேன். "பழுது போல. பழைய பெட்டி."

அவன் என் கோட்டுப் பையைப் பார்த்தான். பிறகு இலக்கைப் பார்த்தான்.

"அடுத்தத போடு."

அடுத்த குண்டு நடுவில் விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சுட்டிருப்பான்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

அதன்பின் நாங்கள் குவாரிக்குப் போகவில்லை.

*

சீசன் தொடங்கி மூன்று வாரம் அவனுக்குக் காய்ச்சல். நவம்பர் பதினான்காம் தேதிதான் மலைக்குப் போக முடிந்தது. அவன் இருபத்து நான்கு வருடம் மரம் ஏற்றி இறங்கிய பாதையின் முடிவுவரை வண்டியில் போனோம். அங்கிருந்து அரை மைல். இரண்டு மணி நேரம் ஆனது. ஆக்ஸிஜன் பெட்டியின் மாற்று பேட்டரியை என் சட்டைக்குள், வயிற்றோடு சேர்த்துக் கட்டியிருந்தேன். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும். துப்பாக்கியை நான் தூக்குகிறேன் என்றேன்.

"ஆறரை பவுண்டு," என்றான். "இதுக்குத்தானே வாங்கினோம்?"

பத்து அடிக்கு ஒருமுறை நின்றான். நிற்கும்போது மரங்களைப் பார்ப்பதுபோல நடித்தான். நானும் பார்த்தேன்.

மரம் வெட்டிய ஒரு சரிவின் மேல் விளிம்பில் உட்கார்ந்தோம். நான்கு அங்குலப் பனி. எதிர் விளிம்பு முந்நூற்றைம்பது கஜம். மான்கள் அங்கேதான் வெளியே வரும், எப்போதும் அங்கேதான் வந்திருக்கின்றன. அவன் முதுகுப்பையின் மேல் துப்பாக்கியை வைத்து எதிர் விளிம்பை நோக்கிக் காத்திருந்தான்.

எட்டே முக்காலுக்கு ஓர் ஆண் எல்க் எங்களுக்கு வலப்பக்கத்திலிருந்து, இந்த விளிம்பிலேயே, வெளியே வந்தது. கொம்பின் ஒவ்வொரு பக்கமும் ஐந்து முனை. அது அவசரப்படவில்லை. பனியை மூக்கால் தள்ளிவிட்டு எதையோ மென்றது. நான் தூரமானியில் பார்த்தேன். நூற்று நாற்பது கஜம்.

குண்டு நடக்க வேண்டிய தூரத்தை மான் தானாகவே நடந்து வந்திருந்தது.

"நூத்தி நாப்பது," என்று கிசுகிசுத்தேன்.

ஓரின் தலையை மட்டும் அசைத்தான். அவன் முகத்தில் நான் பல மாதங்களாகப் பார்க்காத ஒன்று இருந்தது. நோயாளி முகம் இல்லை அது. குழாயைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி, கன்னத்தைக் கட்டையில் வைத்தான். மான் பக்கவாட்டில் நின்றது. இதைவிட நன்றாக எந்த மானும் நிற்காது.

அவன் சுட்டபோது நான் மானைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குழல் முனையை அல்ல.

அதன் முன்னங்கால் மடிந்தது. முகம் பனியில் மோதியது. எழுந்தது. மூன்று காலில் ஓடி மரங்களுக்குள் போய்விட்டது. ஓரின் அடுத்த தோட்டாவை ஏற்றிவிட்டான், ஆனால் இருமல் வந்து துப்பாக்கி கையிலிருந்து சரிந்தது.

அரை மணி நேரம் காத்திருந்தோம். காயம்பட்டது படுக்கட்டும் என்று காத்திருப்பது வழக்கம். பிறகு அந்த இடத்துக்குப் போனோம். கொஞ்சம் ரத்தம், கொஞ்சம் கருத்த முடி. தீக்குச்சி அளவில் ஒரு எலும்புச் சில்லு. ஓரின் கையுறையைக் கழற்றி அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.

"கால்," என்றான். "நெஞ்சுக்கு ஒரு சாண் கீழ."

"நான் போறேன். நீ வண்டிக்குப் போ, அங்க பெட்டிய சார்ஜ்ல போட்டுக்கலாம்."

"நானும் வரேன்."

"பேட்டரி இன்னும் மூணு மணி நேரம்தான் ஓரின்."

நான் மாற்று பேட்டரியை அவனிடம் கொடுத்தேன், அவன் துப்பாக்கியை என்னிடம் கொடுத்தான். அதைத் தூக்கிக்கொண்டு நான் ஓடினேன். உண்மையாகவே அது லேசாக இருந்தது.

பனியில் மூன்று குளம்புத் தடமும் ஒரு இழுபட்ட கோடும். இரண்டு இடத்தில் படுத்திருந்தது. இரண்டிலும் தட்டு அகல ரத்தம். நான் நெருங்கும்முன் எழுந்து போயிருந்தது. மதியம் மூன்று மணிக்குத் தடம் ஓடையைக் கடந்து, முப்பது நாற்பது மான்கள் போன தடத்தோடு கலந்தது. குனிந்து குனிந்து இழுபட்ட கோட்டைத் தேடினேன். வெளிச்சம் போய்விட்டது. திரும்பி வந்தபோது ஓரின் வண்டிக்குள் இல்லை. அதற்கு வெளியே பனியில் நின்றுகொண்டிருந்தான். என் கைகளைப் பார்த்தான், ரத்தம் இருக்கிறதா என்று. இல்லை.

ஞாயிறு விடியுமுன் போனேன். பத்து மணிக்குப் பனி பொழியத் தொடங்கியது. மதியத்துக்குள் எட்டு அங்குலம். காட்டில் எதுவுமே நடந்திராததுபோல எல்லாம் மூடிக்கொண்டது. திங்கட்கிழமை வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, ஓடைக்கு அந்தப்புறம் ஐம்பது தப்படிக்கு ஒரு வரிசையாக மேலும் கீழும் நடந்தேன். காக்கைகள் எங்காவது இறங்குகின்றனவா என்று பார்த்தேன். இறங்கவில்லை.

நான்கு மணிக்கு வண்டிக்கு வந்தேன். ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஓரின் மடியில் அனுமதிச் சீட்டும் பேனாக்கத்தியும் இருந்தன.

"இன்னும் ரெண்டு வாரம் இருக்கு," என்றேன். "சனிக்கிழமை திரும்ப வரலாம். பழைய துப்பாக்கிய நான் தூக்கறேன்."

"அது எங்கியோ மூணு கால்ல நின்னுட்டிருக்கு மேரன்."

"யாரும் கேக்க மாட்டாங்க."

"டக்கரையும் யாரும் கேக்கல."

அவன் நவம்பரை வெட்டி எடுத்தான். பிறகு பதினான்கை. பதினைந்தின் ஓரமும் சேர்ந்து வந்துவிட்டது. வெட்டிய துண்டுகளைச் சாம்பல் கிண்ணத்தில் போட்டான். வண்டியின் வெயில் மறைப்பைக் கீழே இறக்கினான். பழைய வருடங்களின் சீட்டுகளை அங்கே ரப்பர் பேண்டு போட்டு வைத்திருப்பான். எல்லாம் பழுப்பாக, ரத்தம் காய்ந்து விறைத்திருக்கும். இதையும் அவற்றோடு செருகினான். இது வெள்ளையாக இருந்தது.

கொஞ்ச தூரம் வண்டியை ஓட்டி வந்த பிறகு அவன் கேட்டான்:

"அந்த ரோஸ் ரப்பர் தோட்டா. பெர்னடின்கிட்ட திருப்பிக் குடுத்தியா?"

பாதை வளைவில் நான் வேகத்தைக் குறைத்தேன்.

"இல்ல," என்றேன்.

"குடுத்துடு. அவளுக்கு வேணும், ஜனவரில பசங்களுக்கு வகுப்பு எடுப்பா."

"உனக்கு அன்னிக்கே தெரியுமா?"

"அது உருண்டப்ப பாத்தேன்."

"ஏன் எதுவும் சொல்லல?"

"நீ பழுதுன்னு சொன்னே. சரி, பழுதுன்னே இருக்கட்டும்னு நெனச்சேன். எனக்கும் அப்படித்தான் வேணும்னு இருந்துது."

"நான் சொல்லியிருந்தா?"

அவன் யோசித்தான்.

"சண்டை போட்டிருப்பேன். ரெண்டு நாள் பேசாம இருந்திருப்பேன். அப்புறம் ஏழ எடுத்திருப்பேன்." பிறகு, "அழாத. பாதை வழுக்குது, பாத்து ஓட்டு," என்றான்.

*

டிசம்பரில் ஒரு நாள் மதிய இடைவேளையில் கடைக்குப் போனேன். ஓரின் இப்போது கட்டிலைவிட்டு இறங்குவதில்லை. பெட்டியும் மாறிவிட்டது. புதியது அறையின் மூலையில் நிற்கும், நகர்த்த முடியாத பெரியது. அதன் எடை எவ்வளவு என்று அவன் கேட்கவில்லை.

ஃப்ரீசருக்கென்று பெர்னடின் இரண்டு முறை மான் இறைச்சி கொடுத்தனுப்பினாள். அவன் சாப்பிடவில்லை. மற்றவர்கள் சுட்டது என்பதால் இல்லை, பசியில்லை என்றான்.

நான் தோட்டாவை மேசைமேல் வைத்தேன். பெர்னடின் அதை எடுத்து, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். ரோஸ் ரப்பரின் நடுவில் ஊசி குத்திய ஒரு சிறிய குழி. அதன்மேல் அவள் விரல் நகத்தை வைத்தாள்.

"எப்போ?" என்றாள்.

"அக்டோபர் மூணு."

சீசன் தொடங்கியது இருபத்து நான்கு; துப்பாக்கியை மாற்ற மூன்று வாரம் இருந்திருக்கிறது. அது அவளுக்கும் தெரியும். அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்து வந்திருந்தேன். திட்டியிருக்கலாம். அவள் இழுப்பறையைத் திறந்து தோட்டாவைப் போட்டு மூடினாள். பிறகு திரும்பி, பின்னால் இருந்த அலமாரியிலிருந்து ஏழு மில்லிமீட்டரை எடுத்தாள். விசையைச் சுற்றிய வளையத்தில் ஒரு அட்டை நூலில் தொங்கியது, 'ஓரினுக்கு' என்று அவள் கையெழுத்தில்.

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். துப்பாக்கியை மற்றவற்றோடு வரிசையில் வைத்தாள்.

"அவன் ஏதாவது கேட்டானா?" என்றாள், திரும்பாமல்.

"இதத் திருப்பிக் குடுக்கச் சொன்னான்."